பெண்கள் பக்கத்து மூன்றாவது தூண்

போன மாதம் என் தம்பி, அதாவது சித்தப்பாவின் மகன், ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். எங்கள் ஊர் மாதா கோயிலுக்கு வரலாற்று மலர் போடுகிறார்களாம். இவன்தான் ஆசிரியராம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து ஊரில் எது நடந்தாலும் இவன்தான் ஆசிரியர். அடிக்கல் யார் போட்டது, மணி எங்கிருந்து வந்தது, மேல்தளத்துக்கு மரம் யார் கொடுத்தது என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டானாம். ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி.

"அக்கா, உள்ள எட்டுத் தூணு இருக்குது இல்ல, ஏழு தூணு கண்ணாடி மாதிரி இருக்குது. பொம்பளைங்க பக்கம் மூணாவது தூணு மட்டும் ஏன் மங்கலா இருக்குது? ஈரம் ஏறிடுச்சின்னு சொல்றாங்க. அப்படியே எழுதிடட்டுமா?"

காபி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்தத் தூணில் ஈரம் ஏறவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்த மற்றவர்கள் எல்லாரும் கல்லறைக்குப் போய்விட்டார்கள்.

வாலாஜாபாத்திலிருந்து பாலாற்றங்கரையோடு நடந்தால் எங்கள் ஊர் வரும். கோயில் முதலில் பனையோலைக் கொட்டகையாக இருந்ததாம். ஒரு கோடையில் அது எரிந்தபோது மாதா சுரூபத்தை மட்டும் யாரோ வேட்டியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அந்த யாரோ எங்கள் வீட்டுப் பெரியவர்தான் என்று ஊரில் ஆறேழு குடும்பங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு ஓட்டுக் கொட்டகை. அதற்கும் பிறகு ஒரு வெள்ளைக்காரச் சாமியார் வந்தார். குதிரையில் வந்தார் என்பார் அப்பா, சைக்கிளில் வந்தார் என்பார் பெரியப்பா. எதில் வந்தாலும், வந்தவர் சும்மா இருக்கவில்லை. சிலுவை வடிவத்தில் கடைக்கால் தோண்டிவிட்டார்.

சுவர் அவ்வளவு அகலம். ஜன்னல் குழிக்குள் நாங்கள் மூன்று பெண்கள் உட்கார்ந்து புளியங்காய் தின்னலாம். வளைவுகளெல்லாம் அவர் தேசத்து மாதிரி, மேலே கூராக, கும்பிடுகிற கைகளைப் போல இருக்கும். அவர் ஊரிலிருந்து கப்பலில் மணி வந்தது. மணிக்கூண்டு கட்டப் பணம் மட்டும் வரவில்லை. அதனால் மணி புளியமரத்தில் தொங்கியது, நான் பிறந்து வளரும் வரைக்கும் அங்கேயே தொங்கியது. சுவரும் தூண்களும் தளமும் எழும்பிய வருஷம் அவர் காய்ச்சலில் இறந்துபோனார். நடுக்கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள். அவருக்குப் பின்னால் வந்த சாமியார்கள் எல்லாரும் செங்கல் தெரிகிற எட்டுத் தூண்களுக்கு நடுவில் பூசை வைத்துவிட்டு மாற்றலாகிப் போனார்கள்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது வந்த சாமியார் திருநெல்வேலிச் சீமைக்காரர். பூசாத தூணைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. சிமெண்டு பர்மிட்டுக்கு ஆபீஸ் ஆபீஸாக நடந்து பார்த்தார். கிடைக்கவில்லை என்றதும் காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே ஒரு கோபுரத்தின் மேல் சுதை வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் ஒருவரைக் கீழே இறங்கச் சொல்லிக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தக் கொத்தனார் நெற்றி நிறைய விபூதி பூசியவர். முதல் வேலையாக வாசலுக்கு மேலே இரண்டு சம்மனசுகளை, அதாவது இறக்கை வைத்த தேவதூதர்களை, செய்தார். இடுப்பை ஒடித்து நின்றுகொண்டு, காதில் குண்டலம், காலில் தண்டை எல்லாம் போட்டுக்கொண்டிருந்தன. சம்மனசு தண்டை போடாது என்று சாமியார் சொன்னார். கொத்தனார் மரியாதையாகத் தண்டையைச் சுரண்டி எடுத்தார். குண்டலத்தைப் பற்றிச் சாமியார் ஒன்றும் சொல்லாததால் அது இன்றைக்கும் இருக்கிறது. தூண்களின் தலையில் அவர் வைத்த தாமரையும் அப்படியே இருக்கிறது.

தூண் பூச்சுதான் பெரிய வேலை. ஆற்று மணலையும் சுண்ணாம்பையும் வட்டமான காடியில் போட்டு, இரண்டு மாடுகள் இழுக்கிற கல் சக்கரத்தால் அரைக்க வேண்டும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்க்க வேண்டும். பக்கத்து ஊர் நயினார் வீட்டுக்காரர், சமணர், வெல்லம் கொடுத்தார். "என் வெல்லம் உள்பூச்சோட நிக்கட்டும் சாமி, முட்டை சேர்ற மேல்பூச்சுக்கு வேணாம்" என்று ஒரு நிபந்தனையோடு கொடுத்தார். ஏனென்றால் மேல்பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு வேண்டும். கூடை கூடையாக வேண்டும். வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் நாள் முழுக்கத் தேய்த்தால்தான் தூணில் முகம் தெரியும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார்.

சாமியார் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். தபசுகாலம் நாற்பது நாளும் எங்கள் ஊரில் யாரும் கறி, மீன், முட்டை தொட மாட்டார்கள். கோழிகளுக்கு மட்டும் தபசு கிடையாது, அவை இட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆகவே விபூதிப் புதன் முதல் பாஸ்கு வரைக்கும், அதாவது ஈஸ்டர் வரைக்கும், ஊரில் இடுகிற முட்டையெல்லாம் தூணுக்கு. தெருவுக்கு ஒரு தூண் என்று பிரித்துக் கொடுத்தார். எங்கள் தெருவுக்கு வந்தது பெண்கள் பக்கம் மூன்றாவது.

வெள்ளைக்கரு சரி, மஞ்சள் கருவை என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. முதல் நாளே இரண்டு குண்டான் நிறைய மஞ்சள் கரு சேர்ந்துவிட்டது. எங்கள் ஆட்கள் தின்னக் கூடாது. கொத்தனாரோ முட்டை தின்னாதவர், உடைக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடைசியில் அதை மூங்கில் குழாயில் ஊற்றிச் சுண்ணாம்பு அரைக்கிற மாடுகளின் வாயில் புகட்டினார்கள். அந்தத் தபசுகாலத்தில் எங்கள் ஊரில் உடம்பு தேறியவை அந்த இரண்டு மாடுகள்தான்.

முட்டை சேர்க்கிற பொறுப்பை ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளிடம் விட்டார்கள். எங்கள் தெருவுக்கு நான். அந்த வயதில் நான் பெரிய பக்தை. என்னைப் போல் ஒரு பக்தை தெருவில் இருந்தால் மற்றவர்கள் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. அந்த வருஷம் பாஸ்கு அன்று எனக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைக் கவுன், முக்காடு, தலையில் பூமுடி. பூமுடியோடு போய் எங்கள் தூணுக்கு முன்னால் நின்று என் முகத்தை நான் பார்க்க வேண்டும். வேறு எந்தத் தெருத் தூணிலும் அவ்வளவு தெளிவாக முகம் தெரியக் கூடாது. இரவும் பகலும் இதே நினைப்புதான். கூடையை எடுத்துக்கொண்டு கோழி கூவும் முன்னால் கோழிக்கூட்டண்டை போய் உட்கார்ந்துவிடுவேன்.

அப்போது சித்தி எங்கள் வீட்டில் இருந்தாள். சித்தப்பா காஞ்சிபுரத்தில் ஒரு முதலாளி வீட்டில் தறி நெய்துகொண்டிருந்தார், சனிக்கிழமைதான் ஊருக்கு வருவார். சித்தி ஒல்லியாக, வெளுப்பாக இருப்பாள். கல்யாணமாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். எதற்கு என்று கேட்டால் அம்மா, "வயித்து நோவு" என்று சொல்லிவிடுவாள். நானும் வயிற்று நோவு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் விடியற்காலையில் கண் விழித்தபோது அடுப்பங்கரையில் அம்மா ஒரு முட்டையை உடைத்துப் பாலில் கலந்து சித்தியிடம் கொடுப்பதைப் பார்த்தேன். சித்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தபசுகாலம், அதிலும் வெள்ளிக்கிழமை! அம்மா ஆற்றுக்குப் போனதும் வீட்டைச் சோதனை போட்டேன். நெல் குதிருக்குள் கையை விட்டால் பன்னிரண்டு முட்டை. ஒவ்வொன்றிலும் கரியால் ஒரு சின்னக் கோடு. எங்கள் வீட்டுக் கோழி கொஞ்ச நாளாகச் சரியாக இடவில்லை என்று அம்மா சொன்னதன் மர்மம் விளங்கிவிட்டது.

பன்னிரண்டையும் கூடையில் வைத்துக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனேன். கொத்தனார் தண்ணீர்ச் சட்டியில் முட்டைகளை ஒவ்வொன்றாக விட்டு, மிதப்பதை ஒதுக்கி, அமிழ்வதை எடுத்துக்கொண்டிருந்தார். கரிக்கோட்டைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்.

"இது யாருக்குன்னு எடுத்து வச்சதும்மா?"

"எங்கம்மா குதிருல ஒளிச்சி வச்சிருந்தாங்க. எங்க சித்திக்கு தெனம் ஒன்னு குடுக்குறாங்க. தபசுகாலத்துல! அதான் சாமி தண்டிக்குது. காலையில எழுந்தா சித்தி வாந்தி எடுத்துக்கினே இருக்குது. ஒரு வாய் சோறு தங்கல."

கொத்தனார் கையிலிருந்த முட்டையைக் கீழே வைத்தார். பிறகு, "உங்க சித்திக்குக் கொழந்தைங்க எத்தினி?" என்று கேட்டார்.

"கொழந்தையே இல்ல."

"சரி, நீ வூட்டுக்குப் போ" என்றார். பெரிதாகப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். பன்னிரண்டு முட்டைக்கு ஒரு பாராட்டுக்கூட இல்லை.

மத்தியானம் அம்மா குதிருக்குள் கையை விட்டுப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நீயா எடுத்துக்கினு போன?" என்றாள். நான் தலையை நிமிர்த்தி ஆமாம் என்றேன். அடி விழும், வேதசாட்சிகளைப் போலத் தாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக நின்றேன். அம்மா அடிக்கவில்லை. குதிரில் சாய்ந்துகொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே படுத்திருந்த சித்தி, "விடுக்கா, கொழந்த இன்னா தெரிஞ்சா செஞ்சுது" என்றாள். எனக்கு எல்லாம் தெரியும் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

சாயங்காலம் கொல்லைப் பக்கம் கொத்தனார் வந்தார். தோளில் இருந்த துண்டை அவிழ்த்து அம்மாவிடம் நீட்டினார். கரிக்கோடு போட்ட என் பன்னிரண்டு முட்டைகள்.

"வச்சிக்கம்மா. முதல்ல இது நிக்கட்டும். தூணு எங்க போவப்போவுது."

அம்மா புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். "யாருக்கும் சொல்லலண்ணா. வயிறு தெரியட்டும்னு இருக்கிறோம். ரெண்டு போயிடுச்சி. ஊர்க்கண்ணு." வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு அது முழுக்கக் கேட்டது. கேட்டும் ஒன்றும் புரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், கோயிலுக்குப் போய்ச் சேர்ந்த முட்டையை ஒரு விபூதிக்காரர் திருடிக்கொண்டு வந்துவிட்டார், அதை என் அம்மாவே வாங்கிக்கொண்டாள் என்பதுதான்.

சித்தி தபசிலிருந்து விலக்குக் கேட்டிருந்தால் சாமியார் உடனே கொடுத்திருப்பார். நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் தபசு கட்டாயமில்லை. ஆனால் விலக்குக் கேட்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல அம்மாவுக்குப் பயம். இரண்டு தடவை முன்கூட்டியே சொல்லி இரண்டு தடவையும் அழுதவள் அவள்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வாரம் எங்களுக்கு முதல் பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தைச் சாமியாரிடம் ரகசியமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. மரக்கூண்டுக்கு முன்னால் முழங்காலில் நின்று, வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தேன்.

"சாமி, எங்கம்மா தபசுகாலத்துல முட்டை ஒளிச்சி வச்சாங்க. எங்க சித்தி அதக் குடிச்சாங்க. நான் எடுத்தாந்து கோயில்ல குடுத்துட்டேன். கொத்தனார் அதத் திருடிக்கினு வந்து எங்கம்மாகிட்டயே திருப்பிக் குடுத்துட்டாரு."

கூண்டுக்குள் பலமான இருமல் கேட்டது. இருமல் நிற்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"உன் பாவத்தச் சொல்லு பிள்ளே."

"என்னுது ஒன்னும் இல்ல சாமி."

"சித்திக்கு உடம்பு சரியில்லையோ?"

"தெனம் வாந்தி சாமி. முட்டைய குடிச்ச பாவந்தான்."

இந்தத் தடவை உள்ளே இருமல் இல்லை. சத்தமே இல்லை. சாமியார் தூங்கிவிட்டாரோ என்று நான் கம்பிக்குள் எட்டிப் பார்த்தபோது அவர் குரல் வந்தது. "உனக்கு அபராதம் சொல்லுதேன், கேளு. பாஸ்கு வரைக்கும் தினம் காலையில உங்க தெருக் கூடையிலேர்ந்து ஒரு முட்டை எடுத்துட்டுப் போயி உன் சித்தி கையில குடுக்கணும். அவ குடிச்சி முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நின்னு ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லணும். யாருகிட்டயும் மூச்சு விடப்படாது. நானும் வெளியில இதப் பத்திக் கேக்க மாட்டேன்."

ஒரு பாவமும் செய்யாத எனக்கு அபராதம்! அதுவும் எங்கள் தூணின் முட்டையை என் கையாலேயே எடுத்துக் கொடுக்கிற அபராதம். கோயிலை விட்டு வரும்போது அழுதுகொண்டேதான் வந்தேன்.

ஆனாலும் பக்தை இல்லையா, ஒரு நாள் தவறவில்லை. காலையில் கூடையண்டை போய் நிற்பேன். கொத்தனார் ஏன் என்று கேட்கவில்லை. இருப்பதில் பெரியதாக ஒன்றைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, துடைத்து, என் கையில் வைப்பார். சில நாள் இரண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து சித்தியின் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் சொல்வேன். முதல் நாள் சித்தியும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யார் கொடுத்தனுப்பியது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. சித்தி குடித்துவிட்டு, நாற்றம் தாங்காமல் என் தோளில் முகத்தை வைத்துக்கொள்வாள். எனக்கு அவள்மேல் இரக்கமாகவும் இருக்கும், கோபமாகவும் இருக்கும். ஒரு நாள், "எங்க தூணே போவுது சித்தி" என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டு என் தலையைத் தடவினாள்.

எங்கள் தூணைக் கடைசியாகத்தான் பூசினார்கள். அதற்குள் மற்ற ஏழும் மின்னிக்கொண்டிருந்தன. முட்டை குறைந்த எங்கள் தூணில் கொத்தனாரின் ஆட்கள் கூழாங்கல்லால் தேய்த்தார்கள், தேய்த்தார்கள், கை வலிக்கத் தேய்த்தார்கள். பால் நிறம் வந்தது, பளபளப்பு வரவில்லை. பெரிய வியாழன் அன்று தெருக்காரர்கள் எல்லாரும் கூடி நின்று முணுமுணுத்தார்கள். சாமியார் வந்தார். தூணைத் தடவிப் பார்த்தார்.

"என்ன கொத்தனாரே, இது மட்டும் இப்படி?"

கொத்தனார் சாமியாரின் முகத்தைப் பார்க்காமல், "ஈரம் சாமி. இந்த எடத்துல அடியில ஊத்து இருக்குது போல" என்றார்.

பச்சைப் பொய். நான் சாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, நான்தான் சொல்லியிருக்கிறேனே. இப்போது பிடித்து உலுக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். சாமியார் தூணுக்குக் கீழே குனிந்து தரையை ஒரு முறை தொட்டுப் பார்த்தார்.

"ஆமா, ஈரந்தான்" என்றார். "ஈரத்த யாரு என்ன செய்ய முடியும்?" என்று தெருக்காரர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தரை காய்ந்து கிடந்தது. சாமியார்மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்கு ரொம்பவும் இறங்கிப்போனது.

பாஸ்கு அன்று மற்றப் பெண்கள் பூமுடியோடு அவரவர் தூணுக்கு முன்னால் நின்று முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான் எங்கள் தூணுக்கு முன்னால் நின்றேன். வெள்ளையாக ஏதோ ஒன்று தெரிந்தது, அது நானாகவும் இருக்கலாம், பின்னால் இருந்த சுவராகவும் இருக்கலாம். பூமுடி சரிய அழுதேன். வேலை முடித்துச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் வந்து பக்கத்தில் குந்தினார்.

"அழுவாதம்மா. அந்தத் தூணுங்கல்லாம் பாக்கத்தான் லாயக்கு. சாஞ்சா முதுவு வழுக்கும். சாயறதுக்கு இது ஒன்னுதான் இருக்குது, வேணும்னா பாத்துக்கோ."

அவரோடு நான் பேசவில்லை. அவர் காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறும்போதும் போய் வழியனுப்பவில்லை. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

ஐப்பசி மழையில் சித்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தன்று அவள் அவனை மடியில் போட்டுக்கொண்டு, அசதியில், பெண்கள் பக்கத்து மூன்றாவது தூணில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சாமியார் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றும்போது அது வீரிட்டு அழுதது. "நல்ல தொண்டை" என்று சொல்லிவிட்டுச் சாமியார் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஏன் என்னைப் பார்க்கிறார் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சித்தி சாகும்வரை பூசைக்கு அந்தத் தூணடியில்தான் உட்கார்ந்தாள்.

காபியைக் கொண்டுவந்து வைத்தேன். தம்பி ஒரு வாய் குடித்துவிட்டுச் சர்க்கரை பத்தவில்லை என்றான். நல்ல தொண்டை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

"இன்னாக்கா, ஈரம்னு எழுதிடட்டுமா?"

"எழுதிக்கோ" என்றேன். "சாமியாரே தொட்டுப் பாத்துச் சொன்னாரு, நான் பக்கத்துல இருந்தேன்."

அவன் எழுதிக்கொண்டான். குனிந்து எழுதுகிற அவன் நரைத்த தலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த மரக்கூண்டுக்கு முன்னால் முழங்காலில் நின்று அம்மாவின் பாவம், சித்தியின் பாவம், கொத்தனாரின் பாவம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். இவன் பங்குப் பன்னிரண்டு முட்டையை ஒருத்தி குதிரிலிருந்து எடுத்துக்கொண்டு போனாளே, அதையும் சொன்னேன். அதுதான் அங்கே சொல்ல வேண்டிய ஒரே பாவம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.